தேய்க்கத் தேய்க்கத் தேய்மானம்

பி.காம். படித்ததில் எனக்குக் கிடைத்த ஒரே அசையாச் சொத்து 'தேய்மானம்' என்கிற வார்த்தை. மேஜை, நாற்காலி, மெஷின், கட்டடம் எதுவாக இருந்தாலும் வருஷத்துக்கு இத்தனை சதவீதம் தேயும் என்று பேரேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். வருமான வரிக் கணக்கில் வியாபாரத்துக்கு வைத்திருக்கும் காருக்கு வருஷம் 15 சதவீதம், வாடகைக்கு விடும் காருக்கு 30 சதவீதம் என்று கழிப்பார்கள். எந்தக் காரும் 'நான் அவ்வளவு தேயவில்லை' என்று ஆட்சேபித்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆனால் இந்தக் கணக்குக்கு அடங்காத ஒரு வஸ்து உண்டு. காரின் மேல் இருக்கிற பெயிண்ட். ஓடினாலும் தேயும், சும்மா நின்றாலும் தேயும். தேய்ந்ததைச் சரி செய்ய வேண்டுமானால் தேய்க்க வேண்டும். தேய்த்தால் இன்னும் தேயும்! ஆடிட்டருக்கே தலை சுற்றுகிற சமாசாரம்.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். பஞ்சபூதத் தலங்களில் எங்களுடையது அக்னி. 2,668 அடி உயர மலை உச்சியில் கார்த்திகை தீபம் வருஷத்துக்கு ஒரு தடவை. கீழே வெயிலில் நிற்கிற கார்களுக்கோ தினம் தினம் தீபம்தான். எங்கள் ஊரில் ஏப்ரல் 22 வாக்கில் ஒரு முறை, ஆகஸ்ட் 21 வாக்கில் இன்னொரு முறை, மத்தியானச் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்பார். முதல் தடவை வந்து பன்னிரண்டு நாள் கழிந்தால் கத்திரி ஆரம்பம். கேட்க வேண்டுமா?

பௌர்ணமியன்று ஊருக்கு வெளியே வண்டிகள் நிறுத்தியிருக்கும் மைதானங்களைப் போய்ப் பாருங்கள். பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் போனவர்கள் திரும்பி வரும் வரை கார்கள் அங்கேயே தவம் கிடக்கும். வாங்கும்போது சிவப்பாக இருந்தது ரோஸ் கலரில் நிற்கும். நீலம், துவைத்துத் துவைத்து வெளுத்த லுங்கி மாதிரி ஆகியிருக்கும். கறுப்புக் கார்கள் உடம்பெல்லாம் விபூதி பூசிய சிவப்பழமாகக் காட்சி தரும். இன்னொன்றையும் கவனியுங்கள். கதவுகள் சுமாராக இருக்கும். பானெட், கூரை, டிக்கி மூடி மூன்றும்தான் மோசமாக இருக்கும். வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிற பாகங்கள் அவை. மனிதனுக்கும் காருக்கும் வழுக்கை உச்சியில்தான் விழுகிறது.

இது ஏன்? எரிவது என்றால் ஆக்ஸிஜனோடு சேர்வது. மலை மேல் நெய் எரிவது வேகமான சேர்க்கை. ஆணி துருப்பிடிப்பதும், நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பதும் நிதானமான சேர்க்கை. பெயிண்ட் வெளுப்பதும் இந்தக் குடும்பம்தான். இதற்கு 'ஆக்ஸிடேஷன்' என்று பெயர். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் இன்னும் சுருக்கமாகச் சொல்வார்கள்: "கலர் செத்துப்போச்சு ஸார்!"

பெயிண்டை ஒரு கடலை மிட்டாயாக நினைத்துக்கொள்ளுங்கள். கடலைதான் நிறப்பொடி. (எங்கள் பக்கம் அதற்கு மல்லாட்டை என்று பெயர்.) வெல்லப் பாகுதான் பிசின். நிறப்பொடிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பதும், மேலே பளபளப்பைத் தருவதும் பிசின்தான். வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் பிசினின் இழைகளை நறுக்குகிறது. நறுக்கின இடத்தில் ஆக்ஸிஜன் போய் உட்கார்கிறது. பாகு உதிர்ந்தால் கடலை தனியாகக் கழன்று வருமல்லவா? அந்த மாதிரி நிறப்பொடி தனியாகக் கழன்று சுண்ணாம்புத் தூளாக மேலே நிற்கிறது. வழவழப்பாக இருந்த பரப்பு கரடுமுரடாகிவிடுவதால் வெளிச்சம் நேராகத் திரும்பாமல் கண்டபடி சிதறுகிறது. கண்ணுக்கு அது வெளுப்பாகத் தெரிகிறது.

"எங்க வண்டி வெள்ளை, அதனால கவலை இல்லே" என்பவர்களுக்கு ஒரு தகவல். வெள்ளை பெயிண்டில் இருப்பது டைட்டானியம் டையாக்ஸைடு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து இல்மனைட் பிரித்தெடுக்கிறார்களே, அதிலிருந்து தயாரிக்கலாம். அது நிறம் மங்காது. ஆனால் வெயில் பட்டால் பக்கத்தில் இருக்கிற பிசினைத் தானே அரிக்க ஆரம்பித்துவிடும்! அதனால்தான் அந்தப் பொடிக்கு மேலே வேறு ரசாயனத்தால் ஒரு மெல்லிய சட்டை மாட்டி அனுப்புகிறார்கள். வெள்ளைக் காரிலும் தூள் உதிரும். வெள்ளையோடு வெள்ளையாக இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

எங்கள் தெருவில் ரிட்டயர்டு தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். டி.என். 25-ல் ஆரம்பிக்கும் சிவப்பு மாருதி 800, 2007 மாடல். 2022-ல் பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வேண்டி வந்தது. அந்த வருஷம் ஏப்ரல் முதல் அதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகியிருந்தது. காரோ சிவப்பும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் சாயம் போன தாவணி நிறத்தில் நின்றது. ஆர்.சி.யில் 'ரெட்' என்று இருக்கிறதே, பிரேக் இன்ஸ்பெக்டர் என்ன சொல்வாரோ என்று அவருக்குக் கவலை.

"தம்பி, புணர்ச்சி விதியில தோன்றல், திரிதல், கெடுதல்னு மூணு விகாரம் உண்டு. இது இப்போ திரிதல்ல நிக்குது. கெடுதலுக்குப் போறதுக்குள்ள ஏதாவது பண்ணணும்" என்றார்.

ஒரு புரோக்கர் வந்து பார்த்துவிட்டு, "கலர் போன வண்டி. எடைக்குப் போடற விலைதான் வரும்" என்றார். பெங்களூரில் இருக்கும் மகன் "தள்ளிவிடுங்க அப்பா" என்று போனில் சொன்னார். முழுசாகப் பெயிண்ட் அடிக்க ஓர் ஒர்க்‌ஷாப்பில் 35,000 கேட்டார்கள். பென்ஷன்காரருக்கு அது சின்னத் தொகை இல்லை. விற்க மனசும் வரவில்லை. ஷோரூமில் அத்தனை நிறங்களுக்கு நடுவே சிவப்பைக் காட்டி, "இதான்" என்று சொன்னது அவர் மனைவி. அந்த அம்மாள் இப்போது இல்லை. இதை அவர் ஒரே ஒரு தடவை, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், சொன்னார்.

செய்தி பரவியதும் தெருவே வைத்தியம் சொல்ல வந்துவிட்டது. ஒருவர் மண்ணெண்ணெய் துணியால் துடைக்கச் சொன்னார். இன்னொருவர் டீசல். மூன்றாமவர் தேங்காய் எண்ணெய். எல்லாமே வேலை செய்யும், ஒரே ஒரு நாள். கரடுமுரடான பள்ளங்களை எண்ணெய் நிரப்புவதால் கார் திடீரென்று மினுக்கும். மறுநாள் ஊரில் உள்ள தூசியெல்லாம் வந்து அதில் ஒட்டிக்கொள்ளும்.

எதிர்வீட்டு மாமி புளி வைத்துத் தேய்க்கச் சொன்னார். "குத்துவிளக்கு எப்படிப் பளிச்சுனு வரது பாருங்கோ!" வருகிறதுதான். பித்தளையில் கறுப்பாக ஏறியிருப்பது தாமிரத்தின் ஆக்ஸைடு. புளியில் இருக்கிற அமிலம் அதைக் கரைக்கும். பெயிண்டில் செத்திருப்பது பிசின். புளிக்கு அதனிடம் வேலை இல்லை. அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. குத்துவிளக்கு உள்ளேயும் பித்தளை, வெளியேயும் பித்தளை. மூன்று தலைமுறை வெள்ளிக்கிழமைதோறும் தேய்த்தாலும் விளக்கு விளக்காகவே இருக்கும். காரில் பெயிண்ட் என்று இருப்பது மொத்தமே பத்தில் ஒரு மில்லிமீட்டர் சுமார். ஒரு நோட்டுப் புத்தகத் தாளின் தடிமன்! அதற்குள்தான் பிரைமர், நிறம் எல்லாம் அடக்கம். அதற்குக் கீழே தகரம்.

டூத் பேஸ்ட் சொன்னவர் மட்டும் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தார். அதில் நைஸாக அரைத்த உராய்வுப் பொடி இருக்கிறது. பெயிண்டர்கள் வைத்திருக்கிற ரப்பிங் காம்பவுண்டிலும் அதே தத்துவம்தான், இன்னும் கணக்காக. பாலீஷ் போட்டால் பளபளப்பு 'ஏறுகிறது' என்று நாம் நினைக்கிறோம். எதுவும் ஏறுவதில்லை. செத்த தோல் போகிறது. உள்ளே இருக்கிற உயிருள்ள பெயிண்ட் வெளியே வருகிறது. குளிக்கும்போது பித்தவெடிப்புக் காலைக் கல்லில் தேய்ப்பதில்லையா, அதுதான்.

கடைசியில், முப்பது வருஷமாக டிங்கரிங் பட்டறைகளில் புழுதி குடித்த ஒரு பெயிண்டர் அண்ணனைக் கூட்டி வந்தோம். அவர் காரைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து இடுக்கைப் பார்த்தார். பானெட்டைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தார். வெயில் படாத இடங்களில் 2007-ம் வருஷத்துச் சிவப்பு அப்படியே இருந்தது. "இதான் ஐயா உங்க கார். மேல இருக்கறது வெறும் மாவு" என்றார்.

அப்புறம் ஒரு வெள்ளைத் துணியில் சொட்டுக் காம்பவுண்டு வைத்து பானெட் மூலையில் தேய்த்துக் காட்டினார். துணி சிவப்பானது. வாத்தியார் பதறிப்போனார். பெயிண்டர் சிரித்தார். "சிவப்பு வந்தா சந்தோஷப்படுங்க ஐயா. வரலைன்னாதான் யோசிக்கணும்."

காரணம் இருக்கிறது. 1920-களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் ஒரு காருக்குப் பெயிண்ட் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆனது. 1923-ல் டுபாண்ட் கம்பெனியின் 'டூகோ' லாக்கர் வந்ததும் அது சீக்கிரம் காய்ந்தது. ஆனால் தேய்த்தால்தான் பளபளத்தது. கம்பெனி எங்கேயோ இருக்க, பெயர் மட்டும் நம் ஊர் பட்டறை போர்டுகளில் 'டூகோ பெயிண்டிங்' என்று தங்கிவிட்டது. ஆக, இந்தத் தேய்ப்புக்கு நூறு வயது. பழைய அம்பாஸடர், பத்மினி போன்ற வண்டிகளில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருக்கும். தேய்த்தால் துணியில் நிறம் வரும். அடியில் நல்ல நிறம் மிச்சமிருக்கும். பிற்பாடு வந்த வண்டிகளில், முக்கியமாக மெட்டாலிக் நிறங்களில், நிறத்துக்கு மேலே 'க்ளியர் கோட்' என்று நிறமில்லாத ஒரு பூச்சு. மொத்தத் தடிமனில் பாதிக்கும் குறைவு. வெயிலைத் தாங்கும் குடை அதுதான். அந்த வண்டியைத் தேய்த்தால் துணியில் நிறம் வராது. லேசாக மங்கியிருந்தால் மெல்லிய பாலீஷில் சரியாகும். ஆனால் தேமல் மாதிரி வெள்ளைத் திட்டு விழுந்து, ஓரம் பாம்புச் சட்டையாக உரிய ஆரம்பித்துவிட்டால் எந்தக் காம்பவுண்டும் உதவாது. வாத்தியார் பாஷையில் அது கெடுதல். உரிந்த பாகத்துக்குப் புதுப் பூச்சுதான் வழி. "பாலீஷ் போட்டே சரி பண்ணிடலாம் ஸார்" என்று அதற்கு யாராவது காசு கேட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வாத்தியார் வண்டிக்கு வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போர்டிகோ நிழலில் ஆரம்பித்தது. தகடு சுட்டால் காம்பவுண்டு காய்ந்து ஒட்டிக்கொள்ளும், அதனால் நிழல். முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கார் ஷாம்பூ போட்டுக் கழுவல். சோப்புக்கு ஒரு வாளி, துணி அலச இன்னொரு வாளி. இங்கேதான் நம்மில் பெரும்பாலோர் கோட்டை விடுகிறோம். காலையில் எழுந்ததும் காய்ந்த துணியால் தூசி தட்டுகிறோமே, அந்தத் தூசியில் இருக்கிற மணல் பெயிண்டைவிடக் கடினம். தினமும் பக்தியோடு உப்புத்தாள் போடுகிறோம்.

கழுவிக் காய்ந்ததும் கதவு விளிம்பு, பானெட்டின் மடிப்பு எல்லாவற்றிலும் பெயிண்டர் டேப் ஒட்டினார். விளிம்புகளில் பெயிண்ட் மெல்லிசாக இருக்கும். அங்கேதான் முதலில் பல்லிளிக்கும். பிறகு தையல் இல்லாத பனியன் வேஸ்ட்டை உருண்டையாகப் பிடித்து, நாலணா அளவு காம்பவுண்டு தொட்டு, ஒரு சதுர அடியாகப் பிரித்துக்கொண்டு தேய்த்தார். துணி நிறைந்ததும் திருப்பிப் போட்டார். அதுவும் நிறைந்ததும் மாற்றினார். மாவு தேய்க்க மாவு தேய்க்க, அடியிலிருந்து சிவப்பு மெதுவாக எழுந்து வந்தது. போதும் என்ற இடத்தில் சட்டென்று நிறுத்திவிட்டார். "இன்னும் கொஞ்சம் தேய்ச்சா இன்னும் பளிச்சுனு இருக்குமே?" என்றேன். "இருக்கும் அண்ணே. அடுத்த தடவைக்கு ஒண்ணும் இருக்காது."

காம்பவுண்டு விட்டுப்போன நுண்ணிய கோடுகளை எடுக்க அதைவிட நைஸான பாலீஷ். எல்லாம் முடிந்து கடைசியில் மெழுகு. நல்ல மெழுகுகளில் சேர்ப்பது கார்னௌபா. பிரேஸில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையில் படிந்திருப்பது. அங்கே வெயிலில் ஓலை காய்ந்துபோகாமல் இருக்க மரம் தனக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு, இங்கே பானெட்டுக்கு வந்துவிட்டது. மெழுகு நிரந்தரம் இல்லை. தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக நிற்காமல் பரவ ஆரம்பித்தால் மெழுகு போய்விட்டது என்று அர்த்தம். மறுபடி பூச வேண்டும். முன்னே சொன்ன வேலைகளில் இது மட்டும்தான் பெயிண்டிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாத வேலை. நாம் செய்யாமல் விடுவதும் இதை மட்டும்தான்.

கதவுகள், பானெட், டிக்கி முடிந்தது. கூரைக்கு வந்தபோது பெயிண்டர் கையை எடுத்துவிட்டார். ஓரத்தில் விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் பிரைமர் எட்டிப் பார்த்தது. விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் வாட்டர் சர்வீஸில் மெஷின் பாலீஷ் போடுவது வழக்கமாம். மெஷின் வேகமாகச் சுற்றும், சூடாகும். பிடித்திருப்பவர் ஒரே இடத்தில் கொஞ்சம் அசந்து நின்றால் தாளில் பாதி காலி. ஒவ்வொரு வருஷமும் ஒரு நாள் ஜொலிப்புக்காகக் கூரை தன் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டிருந்தது. மேலே சந்தனம் குங்குமம் வேறு.

"இங்கே இனிமே தேய்ச்சா தகரம்தான் ஐயா. கூரைக்கு மட்டும் ஸ்ப்ரே அடிச்சிடுங்க. கதவு இடுக்கு கலரை வெச்சு மேட்ச் பண்ணித் தர்றேன்."

அப்படியே ஆயிற்று. கூரை மட்டும் புதுசு; மற்றதெல்லாம் 2007. காம்பவுண்டு, பாலீஷ், மெழுகு, கூரைக்கு ஸ்ப்ரே, பெயிண்டர் கூலி எல்லாம் சேர்த்து, ஒர்க்‌ஷாப்பில் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

கணக்குப் பாடத்தில் தேய்மானத்துக்கு இரண்டு முறை உண்டு. குறைந்துசெல் முறையில் மிச்சம் இருக்கிற மதிப்பில் சதவீதம் கழிப்பார்கள். எத்தனை வருஷம் போனாலும் பூஜ்யம் ஆகாது, ஏதோ சில்லறை ஒட்டிக்கொண்டிருக்கும். நேர்கோட்டு முறையில் வருஷா வருஷம் ஒரே தொகை. ஒருநாள் துடைத்துப் போட்ட மாதிரி பூஜ்யம். காரின் விலை முதல் ரகம். பெயிண்ட் இரண்டாவது ரகம். ஒவ்வொரு காம்பவுண்டுக்கும் சில மைக்ரான் செலவு. வரவு என்று எதுவும் கிடையாது. அதனால் யாராவது உங்கள் வண்டியில் மெஷினை வைக்க வந்தால், 'எவ்வளவு பளபளக்கும்?' என்று கேட்காதீர்கள். 'இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கும்?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் வண்டியைக் கொடுங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களும் இதையே கேட்கலாம். கண்ணாடி மாதிரி மின்னினால் மயங்காமல், சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் கூரையின் ஒரு மூலையைத் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் மினுக்கு அங்கேயே கழன்றுவிடும். விளிம்புகளில் சாம்பல் தெரிகிறதா என்று பாருங்கள். கதவு இடுக்கு நிறத்தையும் வெளி நிறத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், என்ன நடந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விலையைக் குறைக்கவும்தான்.

பிரேக் இன்ஸ்பெக்டர் ஆர்.சி.யைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாத்தியாருக்கு அதில் சின்ன ஏமாற்றம்கூட!

இப்போது அந்தக் காருக்கு ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. ஆயுத பூஜைக்கு மெஷின் கிடையாது. கழுவல், மெழுகு, வலது பக்கம் கண்ணாடி மேல் மட்டும் ஒரு பொட்டு. தெருவில் போகிறவர்கள், "என்னங்க ஐயா, புதுப் பெயிண்டா?" என்று கேட்கிறார்கள்.

"இல்லேப்பா, உள்ள இருந்ததுதான்" என்கிறார்.